மூடிய பிறகு சூடாக்குவோம்: பாட்டில் பானமும் நம் அமானத்தும்

(நம் அறக்கட்டளையின் மகளிர் சுயதொழில் பயிற்சி நிறைவுக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



இன்று இந்த மேடையில் சான்றிதழ் கொடுத்துவிட்டு, நாலு வார்த்தை பாராட்டிவிட்டுப் போய்விடலாம். ஆனால் அதற்கு முன் ஒரு குறையை உங்கள் எல்லோர் முன்னிலையிலும் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. அந்தக் குறை எங்களுடையது. அதிலிருந்து கற்றதைத்தான் இந்தப் பயிற்சியில் சொல்லிக் கொடுத்தோம். பயிற்சிக்கு வராதவர்களும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதால் இங்கே விரிவாகச் சொல்கிறோம்.

நம் ஊரின் வியாபாரம் உங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு பௌர்ணமிக்கும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் மக்கள் வெள்ளம். கார்த்திகை தீபத்துக்குக் கேட்கவே வேண்டாம். நடந்து வருகிறவர்களுக்குத் தாகம் எடுக்கிறது. அவர்களுக்குத் தண்ணீரும் சர்பத்தும் பழமும் விற்றுப் பிழைக்கும் குடும்பங்கள் நம்மிலும் இருக்கின்றன. ரமலான் வந்தால் நம் வீடுகளிலேயே சர்பத் தேவை. இந்த இரண்டையும் நினைத்துத்தான், போன ரமலானுக்கு முன்பு, கணவரை இழந்த ஒரு சகோதரிக்கு அறக்கட்டளை சார்பில் கர்ழன் ஹஸனா கொடுத்தோம். பாட்டில், மூடி, மூடி அடிக்கும் கை மெஷின் எல்லாம் வாங்கிக் கொடுத்தோம். "பாகு காய்ச்சி, ஆறவைத்து, தண்ணீர் கலந்து, பாட்டிலில் ஊற்றி மூடி அடித்து விற்றுக்கொள்ளம்மா" என்றோம். எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். தெரியாததைத் தெரிந்தவர்போலச் சொன்னோம்.

முதல் இரண்டு நாள் நன்றாக விற்றது. நாலாம் நாள் காலையில் சில பாட்டில்களின் அடியில் வெள்ளையாகப் படிந்திருந்தது. மூடியைத் திறந்தால் சோடாவைப் போல 'உஸ்' என்று சத்தம். அன்று பகலில் வீட்டில் வைத்திருந்த ஒரு பாட்டில் தானாகவே வெடித்தது. அந்த நேரம் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள், அல்ஹம்துலில்லாஹ்.

அந்தச் சகோதரி அழுதுகொண்டே நம் அலுவலகத்துக்கு வந்தார். முதலீடு போய்விட்டதே என்று அழுகிறார் என நினைத்தோம். அவர் சொன்னது வேறு. "அண்ணே, காசு போனது போகட்டும். புளிச்சது போதைன்னு சொல்வாங்களே. நான் வித்த பாட்டிலை வாங்கி நோன்பு திறந்திருப்பாங்களே, அதுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

அந்தக் கேள்விக்கு எங்களிடம் பதில் இல்லை. ஹஜ்ரத்திடம் போனோம். தெரியாமல் குடித்தவர் மீதும், தெரியாமல் விற்றவர் மீதும் குற்றம் இல்லை; ஆனால் தெரிந்த பிறகு ஒரு பாட்டில்கூட விற்பது ஆகாது, விற்றதைத் திரும்ப வாங்குங்கள் என்றார்கள். அறக்கட்டளை இளைஞர்கள் வீடு வீடாகப் போய், மீதி இருந்த பாட்டில்களை வாங்கிக்கொண்டு பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். எல்லாவற்றையும் கொட்டினோம். கடனை அந்தச் சகோதரியிடம் நாங்கள் கேட்கவில்லை. தவறு சொல்லிக் கொடுத்தவர்களுடையது.

ஏன் புளித்தது?

அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து படித்தோம், விசாரித்தோம். "காய்ச்சித்தானே ஊற்றினோம், பிறகு எப்படிக் கெட்டது?" இதுதான் எல்லோரும் கேட்கிற கேள்வி. பதில் எளிது. பாகு காய்ச்சும்போது அதில் இருந்த கிருமிகள் செத்துப்போயின. ஆனால் ஆறவைத்தபோது காற்றிலிருந்து ஈஸ்ட் வந்து விழுந்தது. கலந்த தண்ணீரில் இருந்தது. வடிகட்டின துணியில், புனலில், பாட்டிலின் உட்புறத்தில், மூடியில் இருந்தது. அதையெல்லாம் உள்ளே விட்டுவிட்டு நாம் மூடியை அடித்தோம். கதவைத் திறந்து வைத்துக் கூட்டிப் பெருக்கி, பிறகு திருடனை உள்ளே வைத்துப் பூட்டியதுபோல ஆயிற்று.

ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று, எடையில் ஏறக்குறையப் பாதியை மதுவாகவும் மறுபாதியைக் கரியமில வாயுவாகவும் மாற்றுகிறது. 200 மில்லி பாட்டில் ஒன்றில் சுமார் 28 கிராம் சர்க்கரை இருக்கிறது என்று வையுங்கள். அதில் பத்தில் ஒரு பங்கு புளித்தாலே போதும், பாட்டிலின் கொள்ளளவைப் போல நாலு மடங்கு வாயு உண்டாகிவிடும். அது சோடா பாட்டிலின் அழுத்தம். மெல்லிய கண்ணாடி அதைத் தாங்காது. அதே அளவு புளிப்பில் ஒரு கிராமுக்கு மேல் மதுவும் சேர்ந்திருக்கும். அந்தச் சகோதரி பயந்தது வீண் பயம் அல்ல.

நம் முன்னோர் இதை அறியாதவர்கள் அல்லர். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுக்குப் பேரீச்சம்பழத்தையோ உலர்ந்த திராட்சையையோ தண்ணீரில் ஊறவைத்துக் கொடுப்பார்கள். நபீத் என்று பெயர். மூன்று நாள் வரை அதை அருந்துவார்கள், அதற்கு மேல் மீந்ததை அருந்தாமல் விட்டுவிடுவார்கள் என்று ஹதீஸ் நூல்களில் வருகிறது. அரபு நாட்டு வெயிலில் இனிப்புத் தண்ணீர் எத்தனை நாளில் மாறும் என்ற கணக்கு அதில் இருக்கிறது. நம் ஊர் வெயிலும் குறைந்ததல்ல.

மூடிய பிறகு சூடு

ஆகவே தீர்வு ஒன்றுதான். பானத்தை ஊற்றி, மூடி அடித்து, அதன் பிறகு பாட்டிலோடு சேர்த்துச் சூடாக்க வேண்டும். உள்ளே இருக்கிற கிருமி சாகும். வெளியே இருக்கிறது உள்ளே வர வழியில்லை.

இந்த முறை இருநூறு ஆண்டுப் பழமையானது. பிரான்சில் நிக்கோலா அப்பேர் என்ற மிட்டாய்க்காரர், கண்ணாடிப் பாட்டிலில் உணவை அடைத்து, கார்க்கால் இறுக மூடி, கொதிநீரில் வைத்துப் பாதுகாக்கும் முறையைக் கண்டு, 1810-இல் நூலாக வெளியிட்டார். அந்நாட்டு அரசு அவருக்கு 12,000 பிராங்க் பரிசு கொடுத்தது. ஏன் கெடவில்லை என்பதற்கு அவருக்குக் காரணம் தெரியாது. காரணத்தை 1860-களில் லூயி பாஸ்டர் விளக்கினார். அவர் பெயரால்தான் இதைப் பாஸ்டரைசேஷன் என்கிறார்கள். அவர் ஆராய்ந்தது மது கெடாமல் இருப்பதற்காக. அதே முறையை, பானம் மதுவாகாமல் இருப்பதற்காகவும் பயன்படுத்தலாம் என்று காட்டியவர் வேறொருவர்.

அமெரிக்காவில் நியூ ஜெர்சியின் வைன்லேண்டில் தாமஸ் வெல்ச் என்ற பல் மருத்துவர் இருந்தார். மதுவை வெறுத்த கிறிஸ்தவர். தேவாலயச் சடங்கில் மதுவுக்குப் பதிலாகப் புளிக்காத திராட்சைச் சாறு வேண்டும் என்று நினைத்தார். 1869-இல் தம் வீட்டுச் சமையலறையில் திராட்சையை வேகவைத்து, துணியில் பிழிந்து, பாட்டிலில் ஊற்றி அடைத்து, பாட்டில்களைக் கொதிநீரில் இறக்கினார். சாறு புளிக்கவில்லை. பிற்காலத்தில் அது பெரிய தொழிலாயிற்று. மார்க்கம் வேறு, ஆனால் போதை கலக்காத பானம் வேண்டும் என்ற கவலை நம் சகோதரியின் கவலையேதான். அவர் சமையலறையில் செய்ததை நாமும் செய்ய முடியும் என்ற துணிவு இதைப் படித்தபோது வந்தது.

தேக்சா

எதில் செய்வது? நம் பள்ளிவாசல் ஸ்டோர் ரூமில் நோன்புக் கஞ்சி தேக்சாக்கள் பதினோரு மாதம் கவிழ்ந்துதான் கிடக்கின்றன. அதில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாமே என்று எங்களில் சிலர் சொன்னார்கள். முத்தவல்லி மறுத்தார். அது கஞ்சிக்காக வக்ஃப் செய்யப்பட்டது, விற்பனைக்கான வேலைக்கு எடுப்பது முறையல்ல என்றார். அவர் சொன்னது சரி. பாத்திரக் கடையில் பழைய அலுமினிய தேக்சா ஒன்றை எடைக்கு வாங்கினோம். வாய் அகலம் சுமார் 55 சென்டிமீட்டர். 200 மில்லி பாட்டில் 40 தாராளமாக நிற்கும்.

அதில் நாங்கள் செய்த மாற்றங்கள் நான்கு.

முதலாவது, அடித்தட்டு. பாட்டில் தேக்சாவின் அடியைத் தொட்டு நின்றால் நெருப்பின் சூடு நேராகப் பட்டு வெடிக்கும். ஆகவே ஓட்டை போட்ட தகடு ஒன்றை இரண்டு விரல் உயரத்தில் கால் வைத்து உள்ளே இறக்கினோம். மரச்சட்டங்களை வரிசையாக அடித்தும் போடலாம். தகட்டுக்குக் கீழே தண்ணீர் ஓடிச் சுற்ற வேண்டும் என்பதே நோக்கம்.

இரண்டாவது, கம்பிக் கூடை. பாட்டில்கள் ஒன்றோடொன்று மோதாமல் தூக்கவும் இறக்கவும் உதவும்.

மூன்றாவது, அடிப்பக்கத்தில் ஒரு குழாய். வேலை முடிந்ததும் வெந்நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விட்டு, மேலே குளிர்ந்த தண்ணீரை ஊற்ற இது வேண்டும். கொதிக்கும் தேக்சாவைச் சாய்த்து ஊற்றும் வேலையை யாரும் செய்யக்கூடாது.

நான்காவது, மூடியில் ஒரு துளை. அதன் வழியாகத் தெர்மாமீட்டர் இறங்கும். கம்பி முனை உள்ள டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்குங்கள். கண்ணாடித் தெர்மாமீட்டர் உடைந்தால் உணவோடு கலக்கும். வாங்கியதும் சோதியுங்கள். நொறுக்கிய ஐஸ் கலந்த தண்ணீரில் 0 காட்ட வேண்டும். நன்றாகக் கொதிக்கும் தண்ணீரில், நம் ஊர் கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 170 மீட்டர் உயரத்தில் இருப்பதால், 99 அரை டிகிரியை ஒட்டிக் காட்ட வேண்டும். ஜவ்வாது மலை மேலே போனால் இன்னும் குறையும்.

எரிபொருள் கணக்கையும் சொல்லிவிடுகிறோம். 40 லிட்டர் தண்ணீரையும் 40 பாட்டிலையும் 30 டிகிரியிலிருந்து 85-க்கு ஏற்ற, சூடு வீணாவதையும் சேர்த்தால், அரை கிலோ கேஸுக்குக் குறையாமல் ஆகும். 19 கிலோ சிலிண்டரில் 30 தடவைக்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். வீட்டு சிலிண்டரை வியாபாரத்துக்குப் பயன்படுத்துவது சட்டப்படி கூடாது. அது நமக்கு ஆகுமானதும் அல்ல.

எந்தப் பானம், எந்தப் பாட்டில்?

இது மிக முக்கியமான இடம். எல்லாப் பானத்தையும் இந்தத் தேக்சாவில் வைக்க முடியாது. புளிப்புள்ள பானத்தை மட்டும்தான் வைக்கலாம்.

காரணம் இதுதான். 85 டிகிரியில் ஈஸ்ட் சாகும், பூஞ்சைகள் பெரும்பாலும் சாகும், சாதாரண பாக்டீரியா சாகும். ஆனால் சில பாக்டீரியாக்கள் விதைபோல ஓடு கட்டிக்கொள்ளும். அவை கொதிநீரிலும் சாகா. அவற்றில் ஒன்று, காற்றில்லாத மூடிய பாட்டிலுக்குள் முளைத்தால் உயிரைக் கொல்லும் விஷத்தை உண்டாக்கும். புளிப்பு இருந்தால் அது முளைக்காது. எல்லைக்கோடு பி.எச். 4.6. அதற்குக் கீழே இருந்தால்தான் வெந்நீர் முறை போதும். நாங்கள் பாதுகாப்புக்காக 3.5-ஐத் தாண்டக்கூடாது என்று வைத்திருக்கிறோம். ஆய்வகப் பொருள் விற்கும் கடையில் பி.எச். தாள் கிடைக்கும். ஒரு துண்டை நனைத்து நிறத்தைப் பார்த்தால் தெரியும்.

ஆகவே ரோஸ் மில்க், பாதாம் பால், இளநீர், கரும்புச் சாறு, பதநீர் இவற்றை இப்படி அடைத்து அலமாரியில் வைத்து விற்கக்கூடாது. பால் பானத்துக்குப் பிரஷரில் 121 டிகிரி வேண்டும். அது வேறு இயந்திரம். இவற்றைச் செய்கிறவர்கள் அன்றன்று செய்து, குளிரில் வைத்து, அன்றே விற்கட்டும்.

வாயு ஏற்றிய சோடாவையும் தேக்சாவில் வைக்காதீர்கள். சூடு ஏற ஏற வாயு தண்ணீரை விட்டு வெளியேறி அழுத்தம் பல மடங்கு கூடும். பாட்டில் வெடிகுண்டாகிவிடும். கோலி சோடா பாட்டிலில் சர்பத் அடைக்கலாமா என்று ஒரு தம்பி கேட்டார். 1870-களில் ஹைரம் காட் என்ற ஆங்கிலேயர் கண்ட அந்தப் பாட்டிலில், கோலியை மேலே அழுத்தி மூடி வைப்பதே வாயுவின் அழுத்தம்தான். வாயு இல்லாத பானத்தில் கோலி மூடாது.

பிளாஸ்டிக் பாட்டிலும் உதவாது. தண்ணீர் விற்கும் சாதாரணப் பாட்டில் 70 டிகிரி அளவிலேயே சுருங்கி உருமாறும். கண்ணாடிப் பாட்டில், தகர மூடி, இதுதான் சரி. விளிம்பு சிதைந்த பாட்டிலையும், கீறல் உள்ளதையும் கழித்துவிடுங்கள். மூடியை ஒருமுறைக்கு மேல் பயன்படுத்தாதீர்கள்.

நாங்கள் தேர்ந்தெடுத்த பானம் புளி. வளைகுடாவில் வேலை பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எகிப்திலும் சிரியாவிலும் ரமலானில் இஃப்தாருக்குத் தமர் ஹிந்தி என்ற பானம் வைப்பார்கள். இந்தியப் பேரீச்சை என்று பொருள். அது வேறொன்றுமில்லை, நம் புளிதான். ஆங்கிலத்தில் 'டாமரிண்ட்' என்ற பெயரும் அந்த அரபுச் சொல்லிலிருந்து வந்ததே. நம் மாவட்டத்து ஜவ்வாது மலையிலிருந்து புளி இறங்கி வருகிறது. எலுமிச்சைச் சாறு சூடுபட்டால் சுவை மாறிக் கசக்கும். புளி அப்படியல்ல, சூட்டைத் தாங்கும்.

10 லிட்டருக்கு எங்கள் அளவு: கொட்டையும் நாரும் நீக்கிய புளி 400 கிராம், சர்க்கரை ஒன்றேகால் கிலோ, வாசனைக்கு நன்னாரி வேர் ஊறிய தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு. புளியை வெந்நீரில் ஊறவைத்துக் கரைத்து, முதலில் சல்லடையிலும் பிறகு துணியிலும் வடிகட்டுங்கள். எவர்சில்வர் பாத்திரமே வேண்டும். செம்பு, பித்தளை, அலுமினியம் ஆகியவற்றைப் புளி அரிக்கும். பாட்டில்கள் நிற்கும் தேக்சா அலுமினியமாக இருப்பதால் பாதகமில்லை, பானம் அதைத் தொடுவதில்லை.

செய்முறை

பாட்டில்களைச் சோப்பு நீரில் கழுவி, நல்ல தண்ணீரில் அலசி, வெந்நீரில் போட்டு வையுங்கள். பானத்தைச் சூடாக்கி, சூடான பாட்டிலில் சூடாகவே ஊற்றுங்கள். குளிர்ந்த பாட்டிலை வெந்நீரில் இறக்கினால் கண்ணாடி விரிசல் விடும். பாட்டிலுக்கும் தண்ணீருக்கும் சூட்டில் பெரிய வித்தியாசம் இருக்கக்கூடாது.

கழுத்து வரை நிரப்பாதீர்கள். 30 டிகிரியிலிருந்து 85-க்குப் போகும்போது தண்ணீர் நூற்றுக்கு ஏறக்குறைய 3 பங்கு விரியும். 200 மில்லியில் அது 6 மில்லி. அதற்கும், உள்ளே இருக்கும் காற்று விரிவதற்கும் இடம் வேண்டும். வாயிலிருந்து ஒரு அங்குலம் விட்டு நிரப்பி மூடி அடியுங்கள்.

கூடையில் அடுக்கித் தேக்சாவில் இறக்குங்கள். தண்ணீர் பாட்டிலின் கழுத்து வரை நிற்கட்டும். இப்போது ஒரு வேலை செய்ய வேண்டும். ஒரு பாட்டிலில் பானத்துக்குப் பதில் அதே அளவு தண்ணீர் ஊற்றி, மூடி போடாமல், நடு வரிசையில் வையுங்கள். தெர்மாமீட்டர் கம்பி அந்தப் பாட்டிலுக்குள் நடுவில் நிற்கட்டும். இதைச் சாட்சிப் பாட்டில் என்று அழைக்கிறோம். தேக்சாத் தண்ணீர் 85 காட்டினால் பாட்டிலின் உள்ளே 85 ஆகிவிட்டது என்று அர்த்தமில்லை. எங்கள் தேக்சாவில் வெளியே 88 காட்டும்போதும் உள்ளே சூடு பின்தங்கியே வந்தது. சில நாள் கால் மணி நேரத்துக்கு மேலும் காத்திருந்தோம். சாட்சிப் பாட்டில் 85-ஐத் தொட்ட பிறகுதான் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். அதிலிருந்து 25 நிமிடம். இடையில் 85-க்குக் கீழே இறங்கினால் மறுபடி முதலிலிருந்து எண்ணுங்கள். தண்ணீர் தளதளவென்று கொதிக்க வேண்டியதில்லை.

முடிந்ததும் அடுப்பை அணைத்து, சிறிது நேரம் விட்டு, பாட்டில்களை எடுத்து ஒரு சில நிமிடம் படுக்க வையுங்கள். மூடியின் உட்புறத்திலும் சூடான பானம் படட்டும். கசிகிற மூடி அப்போதே தெரிந்துவிடும். பிறகு வெதுவெதுப்பான தண்ணீர், அதன் பின் சாதாரணத் தண்ணீர் என்று படிப்படியாகக் குளிர வையுங்கள். எடுக்கும்போது கையுறை, மூடிய செருப்பு, கண்ணுக்குக் கண்ணாடி அவசியம். பிள்ளைகள் அந்த அறைக்குள் வரவே கூடாது.

அன்றே விற்காதீர்கள். ஒவ்வொரு தேக்சாவிலிருந்தும் நாலு பாட்டிலைத் தனியே எடுத்து, வீட்டிலேயே வெப்பமான இடத்தில், ஒரு மரப்பெட்டிக்குள் 14 நாள் வையுங்கள். கலங்கல், படிவு, வாயு, துருத்திய மூடி இவற்றில் ஒன்று ஒரு பாட்டிலில் தெரிந்தாலும் அந்தத் தேக்சா முழுவதும் விற்பனைக்குப் போகக்கூடாது. எல்லாம் தெளிவாக இருந்தால் மட்டுமே மீதி 36 பாட்டிலும் வெளியே வரும்.

நோட்டு ஒன்று வையுங்கள். தேதி, தேக்சா எண், பி.எச்., 85-ஐத் தொட்ட நேரம், அணைத்த நேரம், செய்தவர் பெயர். போன ரமலானில் எந்தப் பாட்டில் எந்த வீட்டுக்குப் போனது என்று தெரியாமல் தெருத்தெருவாக அலைந்தோம். அந்த நிலை மறுபடி வரக்கூடாது.

சட்டமும் கடனும்

2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரச் சட்டப்படி, வீட்டிலிருந்து செய்கிறவரும் பதிவு செய்ய வேண்டும். சிறு தயாரிப்பாளர்களுக்கு எளிய பதிவு முறை இருக்கிறது. 14 இலக்க எண் கிடைக்கும். லேபிளில் அந்த எண்ணோடு பானத்தின் பெயர், சேர்த்த பொருள்கள், அளவு, செய்த தேதி, தேக்சா எண், விலை, முகவரி, சைவப் பச்சைப் புள்ளி எல்லாம் இருக்க வேண்டும். பழச்சாறு எவ்வளவு, சர்க்கரை எவ்வளவு என்பதற்கும் விதி உண்டு. அப்படியே அருந்தும் பழ பானத்தில் பொதுவாக நூற்றுக்கு 10 பங்காவது பழம் இருக்க வேண்டும். புளியைக் கரைத்த கூழின் அளவை இதற்கேற்ப வைத்துக்கொள்ளுங்கள். இவற்றைப் பதிவு செய்யும்போதே உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள். மேற்கொண்டு படிக்க விரும்புகிறவர்களுக்கு மைசூரில் 1950-இல் தொடங்கிய மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனமும், நமக்குக் கிட்டத்தில் தஞ்சாவூரில் உள்ள தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனமும் இருக்கின்றன.

குறுந்தொழில்களுக்கு அரசின் உணவு பதப்படுத்தும் திட்டம் 2020-இல் வந்தது. அதில் முதலீட்டில் 35 சதவீதம் மானியம் என்று அறிவித்தார்கள். ஆனால் அது வங்கிக் கடனோடு சேர்ந்தது. வட்டியைத் தவிர்க்க விரும்பும் நம் சகோதரிகளுக்கு அந்தக் கதவு பாதிதான் திறந்திருக்கிறது. மீதிப் பாதியைத் திறப்பது நம் பொறுப்பு. ஆகவே வசதி உள்ளவர்களிடம் கேட்கிறோம். ஸதகாவாகக் கொடுக்க முடியாதவர்கள் கடனாகக் கொடுங்கள். ஒரு தேக்சா, ஒரு மூடி மெஷின், ஒரு தெர்மாமீட்டர், 200 பாட்டில், இவ்வளவுதான் ஒரு குடும்பத்தின் முதலீடு. திரும்பி வருகிற பணம் அடுத்த குடும்பத்துக்குப் போகும்.

அமானத்

கடைசியாக ஒன்று. ஒருமுறை நாயகம் (ஸல்) அவர்கள் கடைவீதியில் தானியக் குவியலுக்குள் கையை விட்டபோது உள்ளே ஈரம் தட்டுப்பட்டதும், அதை ஏன் மக்கள் பார்க்கும்படி மேலே வைக்கவில்லை என்று வியாபாரியைக் கேட்டதும் நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். தானியக் குவியலுக்குள் கையை விட்டுப் பார்க்கலாம். மூடி அடித்த பாட்டிலுக்குள் வாங்குகிறவர் கையை விட முடியாது. கிரிவலம் வரும் அந்நிய ஊர்க்காரர் யாரென்று நமக்குத் தெரியாது, நாம் யாரென்று அவருக்கும் தெரியாது. தாகத்தில் வாங்கி அப்படியே குடித்துவிடுகிறார். நம்மை நம்பித்தான் குடிக்கிறார். நோன்பு திறக்க வாங்குகிறவரும் அப்படியே. அந்த நம்பிக்கை நம்மிடம் இருக்கும் அமானத். 25 நிமிடத்தை 20 ஆக்கினால் யாருக்கும் தெரியாது, நமக்கும் ரப்புக்கும் தவிர.

போன ஆண்டு அழுதுகொண்டு வந்த சகோதரி இன்று இந்த மண்டபத்தில்தான் இருக்கிறார். தேக்சாவை முதலில் இயக்கிப் பார்த்தவர் அவர்தான். சாட்சிப் பாட்டிலை நடு வரிசையில் வைக்க வேண்டும், ஓரத்தில் வைத்தால் பொய் சொல்லும் என்று கண்டு சொன்னவரும் அவரே. அடுத்த குழுவுக்கு அவரே பயிற்சி கொடுப்பார், இன்ஷா அல்லாஹ். பெயர் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் சொல்லவில்லை.

தேக்சா நம் அலுவலகத்தின் பின்புறம் இருக்கிறது. அஸருக்குப் பிறகு யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். வீட்டில் சும்மா கிடக்கும் காலிக் கண்ணாடிப் பாட்டில்கள் இருந்தால் கொண்டு வந்து கொடுங்கள். அளவு ஒன்றாக இருப்பதைத் தேர்ந்தெடுத்துக்கொள்வோம்.

நம் உழைப்பை ஹலாலாக்கி, அதில் பரக்கத் செய்ய அல்லாஹ்விடம் துஆ கேட்டு விடைபெறுகிறோம். வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.